கோணி வாசனை

உக்காருங்க சார், நெழல்ல உக்காருங்க. பேரு எழுதிக் குடுத்துட்டீங்கல்ல? அப்ப முக்கா மணி நேரம் ஆகும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த ஓட்டலுக்கு வந்து நேரா உள்ள போனவங்க யாரும் கெடையாது. குடும்பம் கடற்கரையில நடக்குதா? நடக்கட்டும், பாண்டிச்சேரி வந்துட்டு அதப் பாக்காம போகக் கூடாது. நான் சாப்பிட வரல சார். என் சம்சாரம் உள்ள இருக்கா. அஞ்சு நிமிஷத்துல பேசிட்டு வரேன்னு போனா. அஞ்சு நிமிஷம் எப்பவோ ஆயிடுச்சு.

சாப்பாடு எப்படின்னு கேக்கறீங்க. நல்லா இருக்கும். அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். வாத்துக்கறி சொல்லுங்க, குங்குமப்பூ போட்ட மீன் சூப் சொல்லுங்க. எறா வேணும்னா பூண்டு வெண்ணெயில வதக்கினது, மசாலா வேணாம். ஒயின் குடிப்பீங்களா? குடிக்கறதுன்னா வெள்ளை ஒயின் ஒரு கிளாஸ் வாங்குங்க, ஐஸ் போடாதீங்க, தயவு செஞ்சு ஐஸ் போடாதீங்க. சாப்பாடு நல்லாத்தான் இருக்கும். இங்க இருக்கற ஆளுங்கதான் சரியில்ல.

சொல்றேன், கேளுங்க. யார்கிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

எம் பேரு தெய்வநாயகம். வணிகவரி ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன். இருவத்திரெண்டு வருஷமா எனக்கு ஒயின்ல ஈடுபாடு. குடிகாரன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு கிளாஸை ரெண்டு மணி நேரம் வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்த கிளாஸை ஒரு சுத்து சுத்தி மூக்கை உள்ள விட்டா ஒரு ஊரே இருக்கும் சார் அதுக்குள்ள. நல்ல ஓட்டல், நல்ல சாப்பாடு, அதுக்குத் தக்கன ஒயின். மத்தவன் நெலம் வாங்கினான், நகை வாங்கினான். நான் சாப்பிட்டேன். எனக்கு வருத்தமில்ல.

இதே ஓட்டல் மாடியில எங்க சங்கம் கூடும். மாசத்துல மொத ஞாயிறு, மத்தியானம். பன்னெண்டு பேர். ஆரம்பிச்சது பிலேந்திரன்னு ஒரு பல் டாக்டர். தெனம் அடுத்தவன் வாயைப் பாக்கறவன், தன் வாய மட்டும் மூடத் தெரியாது. முறை என்னன்னா, ஆளுக்கு ஒரு மாசம் பாட்டில் கொண்டாரணும், அதை நியூஸ் பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கணும். என்ன ஒயின், எந்த நாடு, வெல என்ன, ஒண்ணும் தெரியக் கூடாது. எல்லாரும் மோந்து பாத்து, குடிச்சுப் பாத்து, சீட்டுல எழுதி, எழுந்திரிச்சுப் படிக்கணும். கடைசியிலதான் பேப்பரப் பிரிப்பாங்க. அதுல நான் எழுந்திரிச்சா கூட்டம் அமைதியாயிடும் சார். தெய்வநாயகம் என்ன சொல்றாருன்னு பாப்போம்பாங்க. அப்படி ஒரு பேரு.

நடுவுல அந்தக் காய்ச்சல் வந்துதுல்ல, ஊரையே முடக்கிப் போட்டுதே, எனக்கும் வந்துது. மூக்கு கொஞ்சம் மந்தமாச்சு. எல்லாருக்கும்தான் ஆச்சு. எனக்கு சரியாயிடுச்சு, ஒரு தொண்ணூறு சதவீதம் சரியாயிடுச்சு. அத விடுங்க.

என் சம்சாரம் சுலோசனா. பதினெட்டு வருஷம் அவ இந்தப் படி ஏறினதில்ல. குடிக்கிற எடத்துக்கு நான் எதுக்குன்னுடுவா. வீட்ல நான் பாட்டில் தொறந்தா சமையக்கட்டுக்குப் போயிடுவா. அப்படிப்பட்டவ, காய்ச்சல் விட்டு மொத கூட்டத்துக்கு நான் கெளம்பறேன், பட்டுப்பொடவை கட்டிக்கிட்டு வந்து நிக்கறா. நானும் வரேங்கன்னா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நம்ம ரசனை இவளுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். அத்தனை வருஷம் பேசிப் பேசி வீண் போகலன்னு நெனச்சேன்.

வந்து என் பக்கத்துல உக்காருவா. ஒரு சொட்டு குடிக்க மாட்டா. என் கிளாஸை வாங்கி மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுப்பா, குடுக்கும்போது காதோட ஏதாவது சொல்லுவா. எல்லாம் அவ பாஷையில. பட்டுப்பொடவை வெச்ச இரும்புப் பொட்டியத் தொறந்த மாதிரி இருக்கும்பா. நாவப்பழத்த உப்புல ஊற வெச்ச மாதிரிம்பா. ஒரு தடவ, கேளுங்க, மழைக்கு அப்புறம் பள்ளிக்கூடத்து பெஞ்சுன்னா. நான் அத அப்படியேவா எழுத முடியும்? அத எடுத்து, ஒயின் புஸ்தகத்துல என்ன பேரு இருக்கோ அதுக்கு மாத்தி, லெதர், பிளாக் கரண்ட் பழம், ஓக்கு மரம்னு நான் எழுதணும். அதுதானே வித்தை? கல்லு யார் வேணா எடுத்துக் குடுக்கலாம் சார், வீடு கட்டறது கொத்தனாருதான்.

வீட்லயும் அதே கதை. வாய் ஓயாது. இன்னிக்கி ரசத்துல பூண்டு தூக்கலாப் போச்சுங்க. எதிர்வீட்ல நெத்திலிக் கருவாடு வறுக்கறாங்க. உங்க சட்டை ஈரவாடை அடிக்குது, வேற போடுங்க. காலையில எழுந்ததுலேருந்து படுக்கற வரைக்கும் இதே பேச்சு. நாலு வருஷம். ஏண்டி, நான் என்ன மூக்கில்லாதவனான்னு கத்தியிருக்கேன். சிரிச்சுகிட்டுப் போயிடுவா.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நடந்த கூட்டம். அன்னிக்கிக் கூட்டம் ஜாஸ்தி, புதுசா நாலு பேர். பொம்பளைங்க எல்லாம் தனி மேஜையில உக்காந்து நிம்மதியா பேசட்டும்னு ஒரு யோசனை வந்துது. யோசனை டாக்டரோடது. ஆமா, நானும் கை தூக்கினேன். ஒயின் மேஜையில சலசலன்னு பேச்சு இருந்தா எப்படி கவனிக்கறது? சுலோசனா என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துகிட்டே ஜன்னலோர மேஜைக்குப் போனா. எதுக்கு அப்படிப் பாக்கறான்னு எனக்கு எரிச்சலாத்தான் இருந்துது.

பாட்டில் டாக்டரோடது. அது பின்னாடிதான் தெரியும். பிரான்ஸ்ல இருக்கற மச்சான் மூலமா வரவழைச்சது. கிளாஸ்ல ஊத்தினாங்க. நல்ல அடர் சிவப்பு. நான் சுத்தினேன், மோந்து பாத்தேன். அன்னிக்கி ஏசி வேற தலைக்கு நேரா வீசுது. டாக்டர் பூசியிருந்த சென்ட் வேற. ஒண்ணும் சரியாப் பிடிபடல. ஆனா நெறத்தப் பாத்தே நெறைய சொல்லலாம் சார், அனுபவம் இருக்கே. எழுதினேன். மத்தவங்க எல்லாம் மூக்கைச் சுளிச்சுகிட்டு, வாசனை இன்னும் தெறக்கல, மூடினாப்பல இருக்குன்னு ரெண்டு வரியில முடிச்சிட்டாங்க. தைரியமில்லாத ஜென்மங்க.

என் முறை வரதுக்கு முன்னாடி சர்வர் அந்தோணி வந்து குனிஞ்சான். எங்க வயசுக்காரன்தான், பொறுமையான மனுஷன். சார், அம்மா சொல்லிவிட்டாங்க, அந்த மேஜைக்கும் ஒரு கிளாஸ் மோந்து பாக்கக் குடுத்தோம், இது நனைஞ்ச கோணி வாசனை அடிக்குதாம், ரேஷன் கடை வாசல்ல மழையில கெடக்குமே அந்த மாதிரியாம், நீங்க ஒண்ணும் பேச வேணாம்னு சொல்லச் சொன்னாங்கன்னான். நீங்களே சொல்லுங்க சார். பதினாறு பேர் உக்காந்திருக்கற மேஜையில, புருஷனுக்கு ஆள் விட்டு, பேசாதேன்னு சொல்றதா? நான் எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொன்னேன், அந்தோணி, அந்த மேஜைக்கு ஐஸ்கிரீம் குடுப்பா, வாய் குளிரட்டும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ மேஜையிலயும் கேட்டிருக்கும்.

எழுந்திரிச்சு நின்னேன். அஞ்சு நிமிஷம் பேசினேன். பழுத்த பிளம்ஸ், புகையில, வறுத்த காப்பிக்கொட்டை, பின்னால லேசா வெனிலா. இருவத்திரெண்டு வருஷத்துல நான் இப்படிப் பேசினதில்ல. பேசி முடிச்சு உக்காரறேன், இந்த ஓட்டல் ஓனர், அவன்தான் செஃப்பும், மதியழகன்னு பேரு, பிரான்ஸ்ல சமைச்சவன், கையத் தொடச்சுகிட்டே வரான். அந்தோணி போய் சொல்லியிருக்கான். செஃப் ஒரு கிளாஸை எடுத்து ஒரே தடவை மோந்தான். கீழ வெச்சுட்டான்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர், பாட்டில் கெட்டுப்போச்சு. தக்கை, அதான் கார்க்கு, கெட்டா இந்த ஈரக் கோணி வாடைதான் வரும். யாரு இத மொதல்ல சொன்னது?"

அந்தோணி ஜன்னல் பக்கம் கை காட்டறான். எல்லாரும் அங்க பாக்கறாங்க, அப்புறம் என்னப் பாக்கறாங்க. டாக்டர் இருக்கானே, அவன் பாட்டில் கெட்டதுக்கு அவன்தானே வெக்கப்படணும்? அவன் சொல்றான், பரவால்ல, நம்ம தெய்வநாயகத்துக்கு அதுலயும் காப்பிக்கொட்டை வாசனை வந்துதேன்னு. மேஜையே குலுங்கிச்சு. எனக்குக் காது ரெண்டும் சுட்டுது சார். இப்ப சொல்லும்போதும் சுடுது.

வீட்டுக்குப் போற வழியில ஆட்டோவுல அவளப் பிடிச்சேன். தெரிஞ்சா எனக்கு ஜாடை காட்டியிருக்கணும், எழுந்து வந்து சொல்லியிருக்கணும், ஊரக் கூட்டி மானத்த வாங்கிட்டியேன்னு கேட்டேன். அந்தோணிகிட்ட சொல்லித்தானே அனுப்பினேன்னா. அதுக்கப்புறம் நான் அவகிட்டப் பேசல. சோறு போடுவா, சாப்பிடுவேன். அவளும் பேச்சக் கொறச்சுட்டா. பூண்டு, கருவாடு, சட்டை ஒண்ணும் கெடையாது. வீடே வெறிச்சுன்னு ஆயிடுச்சு. சாப்பாடு மரத்தூளைத் திங்கற மாதிரி இருந்துது. கோவத்துல அப்படி இருக்குன்னு நெனச்சேன். உண்மையச் சொல்லணும்னா என் மூக்கு தொண்ணூறு சதவீதமெல்லாம் இல்ல சார். ஒரு அம்பது வெச்சுக்குங்க.

மறுவாரமே அந்த மதியழகன் வீட்டுக்கு வந்துட்டான். என்னப் பாக்க வந்தான்னு நெனச்சு நான் சட்டை மாத்திகிட்டு வரேன், அம்மா இல்லீங்களான்னு கேக்கறான். புதுசா ஒரு மெனு போடறானாம். நம்ம ஊர் நண்டு, எறா, வாத்து, சுறாப்புட்டு, ஒவ்வொண்ணுக்கும் எந்த ஒயின்னு சேத்து எழுதணுமாம். வாரத்துல மூணு நாள் காலையில வந்து அம்மா மோந்து பாத்து சொன்னாப் போதுமாம், குடிக்கக்கூட வேணாமாம். மெனு கார்டுல அவ பேரு போடுவானாம். சுலோசனா என் மொகத்தப் பாத்தா. நீங்க வேணாம்னா போகலன்னா. போ, தாராளமாப் போ, நாட்டுக்கே மோந்து பாத்துச் சொல்லுன்னேன். வயித்தெரிச்சல்ல சொன்னேன். அவ போயிட்டா.

போயிட்டு வந்து நாள்காட்டியில கிழிச்ச தாள் பின்னால எழுதி வெப்பா. ஒரு நாள் அவ குளிக்கும்போது எடுத்துப் பாத்தேன். எலுமிச்சை எலயக் கசக்கின மாதிரி வாசனை, எறாவுக்கு வேணாம், பூண்டு வெண்ணெய் இதை அமுக்கிடும், சுறாப்புட்டுக்குக் குடுக்கலாம்னு எழுதியிருக்கா. நான் புஸ்தகத்தப் பெரட்டினேன். நாலு பக்கத்துக்கு எழுதி வெச்சிருக்கான் வெள்ளக்காரன், அதே விஷயம்தான். இவ ஒத்த வரியில எழுதியிருக்கா, மோர் மொளகா பக்குவம் எழுதற மாதிரி. இருவத்திரெண்டு வருஷம் நான் அந்தப் புஸ்தகத்தோட மல்லுக்கட்டினேன் சார். கோவம் வருமா வராதா?

அவ பாடிகிட்டே சமைக்க ஆரம்பிச்சிருந்தா. அதுவும் என் காதுல விழுந்துது. அது எல்லாத்தையும் விடக் கோவம்.

போன புதன்கெழமை. அவ இங்க வந்திருந்தா. பதினோரு மணி இருக்கும், காப்பி போடலாம்னு பால வெச்சுட்டு ஹால்ல உக்காந்து படிச்சுகிட்டிருந்தேன். படிச்சா நேரம் தெரியாது எனக்கு. அர மணி கழிச்சுப் போய்ப் பாத்தா பால் பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு கெடக்கு. சரி, தொடச்சுட்டுத் திரும்பப் பத்த வெப்போம்னு லைட்டர எடுத்தேன். அப்ப எதிர்வீட்டு ஜெகதாம்பா கதவத் தள்ளிகிட்டு ஓடி வந்து என் கையிலயே ஓங்கி அடிச்சா. லைட்டர் எங்கயோ போய் விழுந்துது. கேஸை மூடறா, ஜன்னல எல்லாம் தொறக்கறா, என்ன வாசல்ல தள்றா. தெரு முழுக்க கேஸ் வாடை அடிக்குது, உள்ள உக்காந்து இன்னா பண்ணிக்கினு இருக்கேன்னு கத்தறா. தெருவுல பத்து பேர் நிக்கறாங்க சார், மூக்கைப் பொத்திகிட்டு.

எனக்கு ஒண்ணுமே தெரியல.

அம்பது இல்ல சார். ஒண்ணும் இல்ல. நாலு வருஷமா ஒண்ணும் இல்ல. மலத்துக்கும் மல்லிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எந்த டாக்டர்கிட்டயும் இல்ல, அவகிட்ட இல்ல. வெளியூர்க்காரர், சாப்பிட்டுட்டுப் போயிடுவீங்க, அதான் உங்ககிட்ட சொல்றேன்.

யாரோ போன் பண்ணி அவ ஓடி வந்தா. வந்து அடுப்பத் தொடச்சா, தரையத் தொடச்சா. நானா ஆரம்பிச்சேன். சளி பிடிச்சிருக்கு, அதான் தெரியலன்னேன். அவ துணியப் போட்டுட்டு என் எதிர வந்து உக்காந்தா.

"காய்ச்சல் விட்ட நாலாம் நாள் புளிச்ச பால்ல தெரியாம காப்பி போட்டுக் குடுத்துட்டேன். பேஷா இருக்குன்னு குடிச்சீங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும்ங்க. தெரியாமலா நான் குடிக்கிறவங்க நடுவுல வந்து உக்காந்தேன்?"

ஏண்டி சொல்லலன்னு கேட்டேன். சொன்னா சங்கத்துக்குப் போறத நிறுத்திடுவீங்க, வேற எங்க போவீங்கன்னா. நீங்களே ஒரு நாள் சொல்லுவீங்கன்னு பாத்துகிட்டிருந்தேன்னா. அவ்வளவுதான் சொன்னா. அழல, திட்டல. ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இன்னிக்கிக் காலையில பொடவை மாத்திகிட்டு வந்து, செஃப்புகிட்ட இனிமே வர முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடறேன், உங்களத் தனியா விட்டுட்டு எனக்கு அங்க வேலை ஓடாதுன்னா. அதுக்குத்தான் இப்ப உள்ள போயிருக்கா. கார்டு இன்னும் அச்சுக்குப் போகல. பேரை எடுத்துடச் சொல்லப் போறா.

ரெண்டு மாசமா நான் இதுக்குத்தான் சார் வேண்டிகிட்டிருந்தேன். அவ இந்தப் படி எறங்கணும்னு. இப்ப எறங்கப் போறா. ஆட்டோவுல வரும்போது நான் வாயே தொறக்கல. என்ன பெரிய மனுஷன் நான். நான் என்ன கைக்கொழந்தையா, என்னப் பாத்துக்கறதுக்கு ஒருத்தி வேலைய விடறதுக்கு? கேஸ் அடுப்பத் தூக்கிப் போட்டுட்டு கரண்ட் அடுப்பு ஒண்ணு வாங்கினா முடிஞ்சுது. இது நாலு வருஷமா எனக்குத் தோணல பாருங்க. மூக்கு போனத மறைக்கறதுலயே மூளையும் போயிருக்கு.

அதோ, கதவத் தொறந்துட்டு ஒரு குடும்பம் வெளிய வருது பாருங்க. கதவு தொறக்கற ஒவ்வொரு தடவையும் உங்க மொகம் மாறுது சார், நானும் பாத்துகிட்டேதான் இருக்கேன். என்ன வாசனை வருது? சொல்லுங்களேன். நல்ல வாசனையா? நல்ல வாசனைன்னா என்ன சார்? பூண்டா? பூண்டுன்னா பச்சையா, வதங்கினதா? வெண்ணெயிலயா எண்ணெயிலயா? கருகுதா, இப்பத்தான் செவக்குதா? தெரியலயா? மூக்கு முழுசா இருக்கு, பூண்டுக்கு மேல ஒரு வார்த்த சொல்ல வரல உங்களுக்கு. கோவிச்சுக்காதீங்க. அவ சொன்னா எனக்கு நாக்குல ருசி வரும் சார். நெசமா வரும். நாலு வருஷம் நான் சாப்பிட்டதெல்லாம் அவ சொன்னதத்தான். இந்த ரெண்டு மாசம் நான் சோறே திங்கல.

என் மூக்குக்கண்ணாடி உங்க பக்கத்துல இருக்கு பாருங்க, எடுத்துக் குடுங்க. கொஞ்சம் நகருங்க, நான் உள்ள போகணும். மாடியில கூட்டம் நடக்குது, இன்னிக்கி மொத ஞாயிறு, டாக்டரும் இருக்கான். இருக்கட்டும், எல்லாரும் இருக்கட்டும். அந்தக் காப்பிக்கொட்டை, புகையில எல்லாம் புளுகு, எனக்கு மூக்கே கெடையாது, நாலு வருஷமா நான் படிச்சதெல்லாம் இவ சொன்னதுன்னு அவங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டு வரேன். சிரிக்கட்டும். கார்டுல அவ பேரைப் பெருசாப் போடுடான்னு அந்த செஃப்புகிட்டயும் சொல்லணும். ஆனா அந்த வாசனைக்கெல்லாம் புஸ்தகப் பேரு குடுத்தது நான்தான் சார், அதையும் சொல்லத்தான் போறேன், அத விட மாட்டேன். வழி விடுங்க. அவ வாயத் தொறந்து இந்த வேலை வேணாம்னு சொல்றதுக்குள்ள நான் போயாகணும்.